ஒரு சொல், ஒரு பள்ளி நோட்டு: நூர் இனாயத் கான் நிகழ்வு ஆய்வு

பாரிஸ் நகரின் ஃபைஸாந்தரி தெருவில் 98-ஆம் எண் கட்டடம். 1943 அக்டோபர் நடுவில் ஒரு நாள், வெளியே போயிருந்த வாடகைக்காரப் பெண் கதவைத் திறந்து உள்ளே வந்தார். உள்ளே ஒருவன் காத்திருந்தான். ஜெர்மன் பாதுகாப்புத் துறைக்கு வேலை பார்த்த பிரெஞ்சுக்காரன். மணிக்கட்டைப் பிடித்தவனை அந்தப் பெண் ரத்தம் வரக் கடித்தார். அவன் துப்பாக்கியைக் காட்டி அவரை ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டு, உதவிக்கு ஆள் அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் கெஞ்ச வேண்டியிருந்தது. மெலிந்த உடல், மெல்லிய குரல், குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். அவரை ஒற்றை ஆளாக அடக்க முடியவில்லை.

அறையைச் சோதித்தபோது வயர்லெஸ் பெட்டி கிடைத்தது. அது எதிர்பார்த்ததுதான். கூடவே பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டு ஒன்றும் கிடைத்தது. ஜூன் மாதம் முதல் அவர் லண்டனுக்கு அனுப்பிய செய்திகளும் லண்டனிலிருந்து வந்தவையும் அதில் வரிசையாக இருந்தன. சங்கேத வடிவம் ஒரு பக்கம், அதன் பொருள் இன்னொரு பக்கம்.

நூர் இனாயத் கானைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவர் திப்பு சுல்தான் வம்சத்து வீராங்கனை; நோட்டைப் பற்றிப் பேசுவதே பாவம். மற்றொரு கட்சிக்கு அவர் உளவு வேலைக்கு லாயக்கில்லாத கனவுலகப் பெண். அந்த நோட்டே அதற்குச் சாட்சி. நான் படித்த அளவில் இரண்டு கட்சியும் பாரிஸையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. இந்த வழக்கில் பார்க்க வேண்டிய இடம் லண்டன் பேக்கர் தெரு, அவரைப் பாரிஸுக்கு அனுப்பிய பிரிட்டிஷ் ரகசிய அமைப்பின் தலைமையகம். நோட்டு பிடிபட்ட பிறகு நடந்த சாவுகளை அங்கிருந்த மேசைகள் தடுத்திருக்க முடியும். தடுக்கச் சொல்லிச் செய்தியும் வந்தது. சொன்னது இன்னொரு பெண்.

ஆளெடுப்பு

நூர் 1914 ஜனவரியில் மாஸ்கோவில் பிறந்தவர். தந்தை ஹஸ்ரத் இனாயத் கான், பரோடாவிலிருந்து மேற்கே போன இசைக் கலைஞர், சூஃபி ஆசான். தாய் ஓரா ரே பேக்கர் என்ற அமெரிக்கப் பெண். தந்தையின் தாய்வழியில்தான் திப்பு சுல்தான் உறவு. பாரிஸை ஒட்டிய சுரேன் என்ற ஊரில் வளர்ந்தார். 1927-இல் தந்தை இறந்தபோது பதின்மூன்று வயது; மூத்த பிள்ளை, தாய் துக்கத்தில் முடங்கிவிட, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டவர் இவர்தான். சொர்போனில் குழந்தை உளவியல் படித்தார், ஹார்ப் வாசித்தார். புத்த ஜாதகக் கதைகளில் இருபதைத் திரும்பச் சொல்லி எழுதிய நூல் 1939-இல் லண்டனில் வெளியானது.

1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்ததும் குடும்பம் போர்தோ வழியாக இங்கிலாந்துக்குத் தப்பியது. அந்த நவம்பரில் நூர் விமானப் படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். வயர்லெஸ் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சு தாய்மொழி போல, மோர்ஸ் தட்டத் தெரியும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். 1942 நவம்பரில் எஸ்.ஓ.ஈ. என்ற ரகசிய அமைப்பின் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் நாசவேலையும் கலகமும் வளர்க்க 1940-இல் தொடங்கிய அமைப்பு அது. நேர்காணல் செய்த செல்வின் ஜெப்சன், பிடிபட்டால் சீருடையின் பாதுகாப்பு இருக்காது, விசாரணை இருக்கும், மரணமும் இருக்கலாம் என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். நூர் தயங்காமல் ஒத்துக்கொண்டார். 1943 பிப்ரவரியில் அந்த அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவில் சேர்ந்தார்.

பயிற்சி அறிக்கைகள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. மோர்ஸ் விசையில் கை நல்லது, உழைப்பாளி, மனசாட்சியுள்ளவர் என்று சில. உணர்ச்சிவசப்படுபவர், மூளை அதிகமில்லை, களத்துக்கு உகந்தவரா என்பதே சந்தேகம் என்று கடைசிப் பயிற்சி முகாமின் அறிக்கை. பிரிவின் தலைவர் மாரிஸ் பக்மாஸ்டர் அதன் ஓரத்திலேயே எரிச்சலோடு எழுதித் தள்ளிவிட்டார். பாரிஸில் வயர்லெஸ் ஆட்களுக்குப் பஞ்சம். அடுத்த நிலா வெளிச்ச இரவில் விமானம் ஏற்ற ஆள் வேண்டும். ஆக, அறிக்கையை மீறி நூரை அனுப்பியது அவரது தகுதியைக் கண்டறிந்ததால் அல்ல. ஆள் இல்லாததால். நூருக்குப் பயிற்சியும் முழுதாக முடியவில்லை. தேர்வெழுதாத மாணவரை அனுப்பிவிட்டு, பிறகு மதிப்பெண் குறைவு என்று சொல்வது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

சங்கேதப் பிரிவை நடத்திய லியோ மார்க்ஸ் என்ற இளைஞர் வேறு விதமாக அணுகினார். நூர் அவசரத்தில் சங்கேதத்தில் பிழை விடுவார்; பொய் சொல்ல வராது. மார்க்ஸ் அவருடைய ஜாதகக் கதைகளை வாங்கிப் படித்தார். தன் கூட்டத்தைக் காப்பாற்ற மரத்துக்கும் மரத்துக்கும் இடையே தன் உடலையே பாலமாக்கிய குரங்கரசன் கதை அதில் உண்டு. ஒவ்வொரு சங்கேதச் செய்தியும் அந்தக் குரங்குகளில் ஒன்று, நீ தப்பு விட்டால் அது பாலத்திலிருந்து விழும் என்று சொல்லிக்கொடுத்தாராம். பிழை குறைந்தது. மார்க்ஸின் நினைவுகளில் கதைசொல்லியின் கைவரிசை கொஞ்சம் தூக்கல், அப்படியே நம்ப வேண்டாம். ஆனாலும் அந்த அமைப்பில் ஒருவராவது இந்தப் பெண்ணைப் படித்துப் பார்த்தார் என்பது ஆறுதல்.

பெண்களை ஏன் அனுப்பினார்கள்

பெருந்தன்மையால் அல்ல. 1943 தொடக்கத்தில், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. பிரெஞ்சு இளைஞர்களை ஜெர்மன் ஆலைகளுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். வேலை நேரத்தில் சைக்கிளில் சுற்றும் வாட்டசாட்டமான ஆண், தெருமுனைக் காவலர் கண்ணில் தப்ப முடியாது. பெண் தப்பலாம். கூடையில் காய்கறி, அடியில் வெடிமருந்து; கேட்டால் அத்தை வீட்டுக்குப் போகிறேன். முதலில் பெண்களைத் தூதுவேலைக்குத்தான் அனுப்பினார்கள். அந்தச் சட்டத்துக்கு முன்பே, 1942 செப்டம்பரில், ஆந்த்ரே பொரெலும் லீஸ் த பெஸாக்கும் பாராசூட்டில் குதித்தார்கள். பிரிவு அனுப்பிய பெண்கள் மொத்தம் 39 பேர்.

வயர்லெஸ் வேறு ரகம். பெட்டி சுமார் 15 கிலோ. வான்கம்பி இருபது மீட்டர் நீளம், அதை எங்காவது விரித்துத் தொங்கவிட வேண்டும். ஒரே இடத்திலிருந்து அரை மணி நேரம் தட்டினால் திசை காணும் வண்டி வாசலில் நிற்கும். பாரிஸில் வயர்லெஸ் ஆளின் ஆயுள் ஆறு வாரம் என்பது அந்த நாளைய கணக்கு. இந்த வேலைக்கு பிரிட்டன் பிரான்ஸுக்கு அனுப்பிய முதல் பெண் நூர்.

சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. பெண்ணுக்கு ஆயுதம் கொடுத்துக் களத்தில் இறக்க ராணுவ விதி இடம் தரவில்லை. ஆகவே பலரை ஃபேனி என்ற முதலுதவிப் பெண்கள் அணியில் பெயர் சேர்த்து, அதன் சீருடையைப் போர்த்தி அனுப்பினார்கள். போர் முடிந்ததும் இந்தப் பூச்சு பல்லிளித்தது. பேர்ல் விதரிங்டன் மத்திய பிரான்ஸில் ஆயிரக்கணக்கான கெரில்லாக்களுக்குத் தலைமை தாங்கியவர். அவருக்குக் கொடுக்க வந்தது பொதுப் பணியாளர்களுக்கான சிவில் பதக்கம். தான் செய்ததில் சிவில் எதுவும் இல்லை என்று சொல்லி அவர் அதைத் திருப்பி அனுப்பினார்.

மூன்றரை மாதம்

1943 ஜூன் 16 இரவு லைசாண்டர் விமானங்கள் ஆஞ்செ அருகே ஒரு வயலில் நான்கு பேரை இறக்கின: நூர், டயானா ரௌடன், செசிலி லெஃபோர், சார்ல்ஸ் ஸ்கெப்பர். நால்வரில் ஒருவர்கூடப் போர் முடிவைப் பார்க்கவில்லை. வயலில் அவர்களை வரவேற்றவர் ஹென்றி டெரிகூர், பிரிவின் விமான ஏற்பாட்டாளர். அந்த ஆள் ஜெர்மன் பாதுகாப்புத் துறையோடும் தொடர்பில் இருந்தார். அவர் கைவழியாக லண்டனுக்குப் போன கடிதங்கள் ஜெர்மானியர் கண்ணில் பட்ட பிறகே போயின. போருக்குப் பின் பிரெஞ்சு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தச் சிக்கலை இங்கே அவிழ்க்கப் போவதில்லை. நூர் கால் வைத்த தரையே ஓட்டை என்பது மட்டும் போதும்.

எமில் ஹென்றி காரி என்பவரின் குழுவுக்கு நூர் வயர்லெஸ் ஆள். அந்தக் குழு, பாரிஸைச் சுற்றிப் பரந்திருந்த 'பிராஸ்பர்' உளவு வலையின் ஒரு கிளை. கள்ளப் பெயர் மாதலென். காகிதத்தில் ழான் மரி ரெனியே, குழந்தை பார்க்கும் ஆயா. முதல் சில நாட்கள் பாரிஸுக்கு மேற்கே கிரிஞ்யோன் வேளாண் கல்லூரியிலிருந்து செய்தி அனுப்பினார். அங்கே பேராசிரியர் பலஷோவ்ஸ்கி வீட்டில் தேநீர் ஊற்றும்போது கோப்பையில் முதலில் பாலை ஊற்றிவிட்டாராம். வீட்டு அம்மா பதறிப்போனார்: பிரான்ஸில் யாரும் அப்படி ஊற்றுவதில்லை, அது ஆங்கிலேயர் கைப்பழக்கம். சங்கேதத் தாள்கள் இருந்த பையை முன்கூடத்தில் வைத்துவிட்டுப் போனதாகவும் ஒரு சாட்சி உண்டு. இவற்றை மறைப்பதில் பயனில்லை. இரண்டாவது, அனுபவமற்ற கை செய்த நேரடிப் பிழை.

ஆனால் அவர் இறங்கிய ஒரு வாரத்தில் வலையின் தலையே போய்விட்டது. ஜூன் 24-ஐ ஒட்டிய மணி நேரங்களில் தலைவர் ஃபிரான்சிஸ் சட்டில், வயர்லெஸ் ஆள் கில்பர்ட் நார்மன், தூதர் ஆந்த்ரே பொரெல் மூவரும் பிடிபட்டார்கள். ஜூலை 1-ஆம் தேதி கிரிஞ்யோனும் சோதனைக்கு உள்ளானது. அனுபவம் முற்றிய இந்த மூவரின் கைதுக்கும் நூருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அறையில் தாள்களைச் சேர்த்து வைத்திருந்ததில் நார்மனும் சளைத்தவர் இல்லை.

லண்டன் நூரைத் திரும்பி வரச் சொன்னது. அவர் மறுத்தார். பாரிஸிலிருந்து லண்டனோடு பேச அந்தப் பிரிவுக்கு மிச்சமிருந்தது அவருடைய பெட்டி ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் எஞ்சியவர்களுக்குத் தப்பும் வழிகூடக் கிடைக்காது. ஆறு வாரக் கணக்கைத் தாண்டி மூன்றரை மாதம் ஓடினார். அந்த ஓட்டத்தில் பாதி, பழைய வாழ்க்கையின் உதவியால் நடந்தது. சுரேனில் சின்ன வயதில் தெரிந்த வீடுகள், இசை சொல்லிக்கொடுத்த ஆசிரியர், குடும்ப டாக்டர். தெரிந்தவர்களிடம் போகாதே என்பது பயிற்சியின் முதல் விதி. அவர் அதை மீறினார், அதனால் பிழைத்தார். வீடு மாற்றினார், தலைமுடிக்குச் சாயம் மாற்றிக்கொண்டே இருந்தார், பெட்டியோடு மெட்ரோவில் போனார். ஒருமுறை பெட்டியைப் பார்த்துக் கேட்ட ஜெர்மன் வீரர்களிடம் அது சினிமாப் படக்கருவி என்று சொல்லி, மூடியைக்கூடக் கொஞ்சம் திறந்து காட்டியதாகக் கதை. இன்னொரு கதையில், மரத்தில் வான்கம்பி கட்டத் திணறியபோது கீழ்வீட்டு ஜெர்மன் அதிகாரியே வந்து கட்டிக்கொடுத்தாராம். ரேடியோவில் பாட்டுக் கேட்கத்தான் கம்பி என்று நினைத்துக்கொண்டு. இரண்டில் ஒன்றாவது நடந்திருந்தால், பொய் சொல்ல வராத பெண் என்ற பயிற்சிக் குறிப்பைக் கிழித்துப் போடலாம்.

கடைசியில் அவரைப் பிடித்துக்கொடுத்தது திசை காணும் வண்டி இல்லை, பணத்துக்குத் தகவல் விற்ற கை. பேசிய தொகை ஒரு லட்சம் பிராங்க். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் 1949-இல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் விடுதலையானார்.

'ஃபைல்'

இப்போது நோட்டுக்கு வருவோம். கைதுக்குச் சில நாட்கள் முன்பு அனுப்பிய செய்தியைக்கூட எரிக்காமல் ஏன் வைத்திருந்தார்?

அவருக்குக் கொடுத்த செயல்முறை உத்தரவில் ஒரு வரி இருந்தது: செய்திகளை 'ஃபைல்' செய்வதில் மிகுந்த கவனமாக இரு. உத்தரவு எழுதியவர் அந்தச் சொல்லைப் பத்திரிகைக்காரர்களின் பொருளில் எழுதியிருக்கிறார். நிருபர் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆக, அனுப்பும்போது கவனம் என்பதே அந்த வரி. மூன்று மொழிகளுக்கு இடையே வளர்ந்த, விமானப் படை அலுவலகப் பழக்கமுள்ள நூர் அதைக் கோப்பில் சேர்த்துவை என்று படித்தார். சேர்த்துவைத்தார், ஒன்று விடாமல். எஸ்.ஓ.ஈ.-யின் பிரெஞ்சுப் பிரிவு வரலாற்றை எழுதியவர்கள் முன்வைக்கும் விளக்கம் இது. எனக்கு இது முழுக்கப் பொருந்துவதாகப் படுகிறது, ஏனென்றால் நூரின் குணமே உத்தரவை எழுத்துப் பிசகாமல் செய்வது. கவனக்குறைவானவர் நோட்டை அங்கங்கே போட்டிருப்பார், பாதி எழுதியிருப்பார். இந்த நோட்டு முழுசாக இருந்தது.

ஒற்று வேலையில் இரண்டு பொருள் தரும் சொல்லை உத்தரவில் எழுதியவர் யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. பெண்ணின் மூளை போதாது என்று எழுதிய அறிக்கை மட்டும் காலம் காலமாக மேற்கோளாகிறது.

ஃபோஷ் அவென்யூ

எண் 84, ஃபோஷ் அவென்யூ. ஜெர்மன் பாதுகாப்புத் துறையின் பாரிஸ் தலைமையகம். அங்கே அதிகாரி ஹான்ஸ் கீஃபர். வந்த சில நிமிடங்களில் நூர் குளிக்க வேண்டும் என்றார், கதவைச் சாத்தியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார், ஜன்னல் வழியே கூரைச் சாக்கடை விளிம்பில் இறங்கிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் எர்ன்ஸ்ட் ஃபோக்ட் பக்கத்து ஜன்னலிலிருந்து பார்த்து, பேசிப் பேசி உள்ளே இழுத்தார்.

விசாரணையில் அவர் எதையும் சொல்லவில்லை என்று கீஃபரே பின்னால் வாக்குமூலம் கொடுத்தார். அவர் வாய் திறக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை, நோட்டு இருந்தது. பழைய செய்திகளைப் பார்த்தால் அவருடைய நடை, பேசும் விதம், எப்போது எந்த அலைவரிசை, ஆளை உறுதிப்படுத்தும் பாதுகாப்புக் குறி எங்கே வரும் எல்லாம் தெரிந்துவிடும். ஜோசஃப் கோட்ஸ் என்ற மொழி ஆசிரியர் இந்த ஆட்டத்தை நடத்தினார். பிடிபட்ட பெட்டியிலிருந்து, பிடிபட்டவர் போலவே லண்டனுக்குச் செய்தி அனுப்புவது. ஜெர்மானியர் அதை 'ஃபுங்க்ஷ்பீல்' என்றார்கள், வானொலி விளையாட்டு.

நவம்பர் 25 இரவு இரண்டாவது முயற்சி. ஜான் ஸ்டார், லெயோன் ஃபாய் என்ற இரண்டு கைதிகளோடு கூரைச் சாளரத்தின் கம்பிகளைத் திருப்புளியால் கழற்றி மொட்டை மாடி வழியே தப்பினார்கள். அன்றைக்குப் பார்த்து பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன, அபாயச் சங்கு ஊதியது, காவலர்கள் வழக்கப்படி அறைகளை எண்ணினார்கள். தெருவைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். இனி தப்ப மாட்டேன் என்று எழுதிக்கொடு என்றார் கீஃபர். நூரும் ஃபாயும் மறுத்தார்கள். இரண்டொரு நாளில் நூரை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார்கள்.

லண்டன் மேசை

பாதுகாப்புக் குறி என்பது எளிய ஏற்பாடு. செய்தியின் குறிப்பிட்ட இடத்தில் திட்டமிட்ட ஒரு பிழை. எதிரி கேட்டால் கொடுக்க ஒரு போலிக் குறி, உள்ளுக்குள் ஓர் உண்மைக் குறி. உண்மைக் குறி இல்லாமல் செய்தி வந்தால் ஆள் பிடிபட்டுவிட்டார் என்று அர்த்தம். உயிரைக் கொடுத்துக் கடைப்பிடிக்கும் ஏற்பாடு.

நார்மன் பிடிபட்ட பிறகு ஜெர்மானியர் அவர் பெயரில் அனுப்பிய செய்தியில் உண்மைக் குறி இல்லை. லண்டன் பதில் அனுப்பியது: உண்மைக் குறியை மறந்துவிட்டாய், அடுத்த முறை கவனமாக இரு. ஃபோஷ் அவென்யூவில் நார்மன் அந்தப் பதிலைப் படித்தபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும்? இரண்டு குறி உண்டு என்பதை எதிரிக்கே எழுத்தில் சொல்லிக்கொடுத்த பதில் அது. ஹாலந்திலும் இதே கதைதான். 1942 மார்ச்சில் பிடிபட்ட ஹூபெர்ட் லாவர்ஸ் தன் குறியை விடாமல் தவறவிட்டுக் காட்டினார், லண்டன் கண்டுகொள்ளவில்லை, ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக ஜெர்மானியர் கையில் வந்து இறங்கினார்கள். நார்மனும் லாவர்ஸும் ஆண்கள், பயிற்சி முடித்தவர்கள். அவர்களின் சமிக்ஞையும் அந்த மேசைக்குக் கேட்கவில்லை.

நூருக்கு மார்க்ஸ் தனியாக ஒரு குறி கொடுத்திருந்தாராம். சங்கேதத் திறவுச் சொற்களின் நீளம் 18 எழுத்தாக இருந்தால் நான் பிடிபட்டேன் என்று பொருள். அப்படி ஒரு செய்தி வந்தது, மேலதிகாரிகளிடம் சொன்னேன், அவர்கள் நம்பவில்லை என்கிறார் மார்க்ஸ். இதற்கு அவர் சொல் மட்டுமே சாட்சி. ஆனால் இன்னொரு எச்சரிக்கை, தாளில் பதிவானது.

1943 இலையுதிர் காலத்தில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் வழியாக லண்டனுக்கு ஒரு தகவல் போனது. பாரிஸிலிருந்து சோனியா சொல்கிறாள்: மாதலெனுக்குப் பெரிய விபத்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உளவுப் பேச்சில் ஆஸ்பத்திரி என்றால் சிறை. அந்தத் தகவலை லண்டன் எடுத்துக்கொள்ளவில்லை. சோனியா அவர்கள் அனுப்பிய ஆள் இல்லை, அவர்கள் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை.

சோனியா ஒல்ஷனெட்ஸ்கி பாரிஸில் நடனக்காரியாக இருந்தவர், யூதர், வயது இருபதுக்குள். 1942-இல் த்ரான்ஸி முகாமில் அடைபட்டு, தாய் பணம் கொடுத்து வாங்கிய போலிச் சான்றிதழால் வெளியே வந்தார். பிராஸ்பரின் கிளைக் குழு ஒன்றில் தூதராகச் சேர்ந்தார். குழுவின் துணைத் தலைவர் ழாக் வெயில் அவருக்கு நிச்சயிக்கப்பட்டவர். வெயில் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். சோனியா பாரிஸிலேயே இருந்து, வெயில் வழியாகத்தான் அந்தச் செய்தியை அனுப்பினார். லண்டன் பயிற்சி இல்லை, பதவி இல்லை, சீருடை இல்லை. ஆனால் சொன்னது உண்மை.

ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒற்றிப் பார், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் நம்பு என்று நம்மிடம் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள். லண்டனுக்கு மாதலென் பெட்டியிலிருந்து வந்தது ஒரு வாய். சோனியா இன்னொரு வாய். ஒத்துப் பார்த்திருந்தால் அந்த ஒரு மாதத்தில் ஆட்டம் முடிந்திருக்கும். பட்டியலில் இருந்த பெட்டியை நம்பினார்கள், பட்டியலில் இல்லாத பெண்ணை விட்டுவிட்டார்கள்.

விளைவு 1944 பிப்ரவரி 28 இரவு இறங்கியது. மாதலெனின் பெட்டி ஏற்பாடு செய்த வயலில் மூன்று பாராசூட்டுகள்: பிரான்ஸ் ஆன்டெல்ம், அவருடைய வயர்லெஸ் ஆள் லயனல் லீ, தூதர் மாதலென் தமெர்மான் (இவருக்கு மாதலென் சொந்தப் பெயர்). ஆன்டெல்ம் நூரை நேரில் அறிந்தவர். ஜூனில் பாரிஸில் அவரைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர். சார்த்ர் அருகே அந்த இருட்டு வயலில் விளக்கு காட்டி நின்றவர்கள் ஜெர்மானியர்கள். அந்த மாதங்களில் இப்படி இறங்கிப் பிடிபட்டது இந்த மூவர் மட்டுமல்ல.

கிண்ணத்தின் அடியில்

நூரை வைத்திருந்தது ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில். கோப்பில் 'இரவும் மூடுபனியும்' என்ற வகைப்பாடு. அந்த ஆள் இருந்த சுவடே தெரியக்கூடாது என்று பொருள். கையிலும் காலிலும் சங்கிலி, தனிமைச் சிறை, பத்து மாதம். சாப்பாட்டுக் கிண்ணங்கள் அறைக்கு அறை சுற்றி வருவதை நூர் கவனித்தார். அடிப்பக்கத்தில் எழுத்துக் கீறத் தொடங்கினார். பக்கத்து அறைகளில் பிரெஞ்சு அரசியல் கைதிப் பெண்கள். தாயின் குடும்பப் பெயரைச் சேர்த்த நோரா பேக்கர் என்ற பெயரும், லண்டன் டேவிட்டன் தெரு 4-ஆம் எண் என்ற முகவரியும் அப்படித்தான் கிண்ணத்தோடு கிண்ணமாக வெளியே வந்தன. தன் பெயரை அழிக்கக் கட்டிய சிறையிலிருந்து முகவரியோடு செய்தி அனுப்பியவரை லாயக்கில்லாத ஆபரேட்டர் என்று என்னால் எழுத முடியவில்லை.

1944 செப்டம்பரில் அவரை வேறு மூன்று பெண்களோடு டாகாவ் முகாமுக்குக் கொண்டுபோனார்கள்: யோலாந்த் பீக்மன், எலியான் ப்ளூமன், மாதலென் தமெர்மான். 13-ஆம் தேதி காலை நால்வரையும் சுட்டுக் கொன்றார்கள். தமெர்மான் யார் என்று மேலே பார்த்தோம். நூரின் பெட்டியை வைத்து விரித்த வலையில் குதித்தவர், நூரின் பக்கத்திலேயே மண்டியிட்டார். அவர்களுக்குள் அந்தப் பயணத்தில் பேச்சு இருந்ததா, தன் பெட்டி என்ன செய்தது என்று நூருக்குத் தெரியவந்ததா என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

வீரா ஆட்கின்ஸின் தேடல்

பிரிவில் பெண் ஆட்களைப் பார்த்துக்கொண்டவர் வீரா ஆட்கின்ஸ். ஒவ்வொருவரையும் விமானம் ஏறும் இடம் வரை போய் வழியனுப்புவார், சட்டைப் பையில் ஆங்கிலப் பேருந்துச் சீட்டு கிடக்கிறதா என்றுகூடத் தேடிப் பார்ப்பார். போர் முடிந்ததும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. மற்றவர்கள் 'காணவில்லை' என்று கோப்பை மூட, இவர் ஜெர்மனிக்குப் போய் முகாம் காவலர்களையும் சிறை அதிகாரிகளையும் ஒவ்வொருவராக உட்கார்த்தி விசாரித்தார். இந்த வழக்கில் முறையான உளவு வேலை என்று நான் சொல்வது இதைத்தான். சாட்சியைச் சாட்சியோடு ஒத்துப் பார்ப்பது. பக்மாஸ்டரின் மேசை போர்க்காலத்தில் செய்யாததை அதே அலுவலகத்துப் பெண் போருக்குப் பின் செய்தார். அந்த மேசையின் தவறுகளில் அவருக்கும் பங்கு உண்டு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதையும் மறுக்க முடியாது.

ஆனால் அவரும் ஒருமுறை சறுக்கினார். 1944 ஜூலை 6-ஆம் தேதி நாட்ஸ்வைலர் முகாமில் நான்கு பெண்களை ஊசி போட்டுக் கொன்று எரித்திருந்தார்கள். மூவர் அடையாளம் தெரிந்தது: டயானா ரௌடன், வீரா லீ, ஆந்த்ரே பொரெல். நான்காவது பெண் சிறிய உருவம், கறுத்த முடி. நூர்தான் என்று ஆட்கின்ஸ் முடிவு செய்தார், குடும்பத்துக்கும் அப்படியே தெரிவித்தார்கள். கிண்ணத்தில் எழுத்தைப் பார்த்த பிரெஞ்சுப் பெண் பேசத் தொடங்கியதும் கணக்கு இடித்தது: ஜூலையில் செத்தவர் செப்டம்பரில் எப்படிச் சிறையில் இருப்பார்? மறுபடி கிளறி, நூர் இறந்தது டாகாவில் என்று தெளிந்தார்கள்.

அப்படியானால் நாட்ஸ்வைலரின் நான்காவது பெண்? சோனியா. 1944 ஜனவரியில் பிடிபட்டவர். நூர் பிடிபட்டார் என்று சொன்ன பெண்ணை உயிரோடு இருந்தபோது லண்டனுக்குத் தெரியவில்லை. செத்த பிறகும் அவரை நூர் என்றே எழுதிவைத்திருந்தார்கள்.

1947 ஜனவரியில் ஆட்கின்ஸ் கீஃபரை விசாரித்தார். நூரின் முடிவைக் கேட்டு கீஃபர் அழுதார். நம்மில் யாராவது அழ வேண்டுமென்றால் நான் அழுதுகொள்கிறேன், நீ நிறுத்து என்கிற தோரணையில் ஆட்கின்ஸ் வெட்டினாராம். வேறொரு வழக்கில், பிடிபட்ட பிரிட்டிஷ் வீரர்களைக் கொன்றதற்காக, அந்த ஆண்டு ஜூனில் கீஃபரைத் தூக்கிலிட்டார்கள்.

நூருக்கு 1946-இல் பிரான்ஸ் குருவா த கெர் விருது கொடுத்தது. 1949-இல் பிரிட்டன் ஜார்ஜ் கிராஸ் கொடுத்தது. வலான்சே ஊரில் உள்ள பிரிவின் நினைவுச் சின்னத்தில் 104 பெயர்கள், 13 பெண்கள். 2012-இல் லண்டன் கார்டன் சதுக்கத்தில் மார்பளவுச் சிலை. 2020 ஆகஸ்டில் டேவிட்டன் தெரு 4-ஆம் எண் வீட்டுச் சுவரில் நீலப் பலகை பதித்தார்கள். கிண்ணத்தின் அடியில் கீறிய அதே முகவரி.

சோனியாவின் பெயரைப் பார்க்க வேண்டுமானால் நாட்ஸ்வைலருக்குப் போக வேண்டும். தகன அறையில் பதித்த பலகையில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. நான்காவது இப்போது சரியாக எழுதப்பட்டிருக்கிறது.